கிணறு ஒரு ஜன்னல்



எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? 'கிணறு பழங்காலம், போர் குழாய்தான் வளர்ச்சி'ன்னாரு. ஸ்ரீரங்கத்துல எங்க தெருவிலயும் கிணத்தை மூடி, அது மேல பைக் நிறுத்தறாங்க. (சிரிப்பு) கிணறுன்னா வெறும் தண்ணியா? பூமிக்கு அடியில யார் குடியிருக்காங்கன்னு எட்டிப் பார்க்கிற ஜன்னல் ஐயா அது!

கேரளாவைப் பாருங்க. கடலோரச் செம்மண் பாறைக்குள்ள ஊறுற தண்ணியில மீன் வாழுது. கோட்டயத்துக் கிணத்துல கிடைச்ச ஒரு கெளுத்தி வகையை 1950-ல் ஏ.ஜி.கே. மேனன் உலகத்துக்கு அறிவிச்சார். விரல் நீளம்கூட இல்லை. கண்ணே கிடையாது. நிறம் ரத்தச் சிவப்பு. இருட்டுல கண்ணு எதுக்கு? தோலுக்கு நிறம் எதுக்கு? அதனால உள்ளே ஓடுற ரத்தமே வெளியே தெரியுது!

கோழிக்கோட்டுக் கிணத்துல ஒரு அங்குல மீன் கிடைச்சுது. பார்க்க ஓமப்பொடி மாதிரி இருந்ததால 2019-ல் அதுக்கு 'புஜியா'ன்னே பேர் வெச்சுட்டாங்க. (சிரிப்பு) செங்கன்னூர்ல ஒருத்தர் குளிக்கப் போனா, பக்கெட்டுல சிவப்பு நூல் நெளியுது. அதுவும் புது இனம். 2022-ல் வெச்ச பேர் 'பாதாள'. பொருத்தமான பேர்!

இதையெல்லாம் கண்டது யாரு? கிணறு இறைச்சவங்க, தொட்டி கழுவினவங்க. கொச்சி மீன்வளப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த ஜனங்களைத்தான் துணைக்குக் கூப்பிட்டாங்க. ஆறு வருஷத் தேடல்ல 47 புது இடங்கள்ல கண்ணில்லாக் கெளுத்தி தெரிய வந்தது. 2023-ல் ஒரு புது இனத்துக்கு மக்கள் பேரையே, 'பாபுலி'ன்னு வெச்சாங்க. (கைதட்டல்)

தண்ணி வத்தினா இதுங்க ஓடிப் போக வேற ஆறு கிடையாது. ராத்திரி பகலா மோட்டார் உறிஞ்சுது, பாறையைக் குவாரிக்காரன் வெட்டறான், மிச்சத்துக்கு நாம பிளீச்சிங் பவுடர் கொட்டறோம். செத்தது என்னன்னுகூடப் பார்க்கறதில்லை.

'அது மலையாளத்துக்காரன் கவலை'ங்கறீங்களா? கிருஷ்ணா, கோதாவரி ஆத்து மணலுக்கு அடியிலயும் கண்ணில்லாத பொடி ஜீவன்களை ஆச்சார்யா நாகார்ஜுனா பல்கலைக்கழகத்துக்காரங்க எடுத்துக் காட்டியிருக்காங்க. அதே மாதிரி மணல்தானே நம்ம கொள்ளிடத்துலயும்? அதை லாரி லாரியா அள்ளினோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல பழைய பாலம் இடிஞ்சதை ஊரே நின்னு பார்த்தோம். அந்த மணலோட போன உசுருக்கு யார் கணக்கு வெச்சா?

எதிரணிக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க வீட்டுல கிணறு பாக்கி இருந்தா, தூர் வாரும்போது மேல வர்ற தண்ணியை ஒரு வெள்ளை வாளியில ஊத்தி ஒரு நிமிஷம் பாருங்க. ஏதாவது நெளிஞ்சா எங்க அணிக்கும் சொல்லி அனுப்புங்க! (பலத்த கைதட்டல்)