கர்ப்பிணிகளும் காய்ச்சல் ஊசியும்
(கூடுவாஞ்சேரியில் பேசியது)



கர்ப்பிணிக்குத் திருஷ்டி கழிக்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம். ஃப்ளூ காய்ச்சல் ஊசியென்றால் மாத்திரம் "பிள்ளைக்கு ஆகாது" என்கிறோம். 1918-ல் அந்தக் காய்ச்சல் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டவரைக் கொன்றதே. கர்ப்பிணிகள் ஏராளமாய் மாண்டார்களே. எந்தத் தாயத்து தடுத்தது?

இவ்வூசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கர்ப்பத்தின் எம்மாதத்திலும் போடலாம். தாய்க்கு உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகிறது. ஆறு மாதமாகாத குழந்தைக்கு இவ்வூசி போட முடியாது. தாயே அதற்குக் காப்பு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2012-ல் கர்ப்பிணிக்கே முதலிடம் என்றது.

பயப்படும் பெண்ணை மட்டும் குறை சொல்லலாமா? வளைகாப்புக்குக் கடன் வாங்கும் வீட்டில் ஊசிக்குக் காசில்லை. தீர்மானிப்பவரோ மாமியாரும் புருஷனும்! உடம்பு அவளுடையது, டாக்டரைக் கேட்டு அவளே முடிவு செய்யட்டும். எந்த ஏழைத் தாய்க்கும் காசில்லாமல் ஊசி தவறக்கூடாதென்று சர்க்காரைக் கேட்பது நம் வேலை.