டபுள் பிரஷர் தாங்கின விமானம் ஏன் உடைஞ்சுது?

பக்கத்துல ஒரு சிப்ஸ் பாக்கெட்டோ ஷாம்பு பாக்கெட்டோ இருந்தா அதோட ஓரத்தைப் பாருங்க. சின்னதா ஒரு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாத இடத்துல என்ன இழுத்தாலும் கிழியாது, கடைசியில பல்லால கடிப்போம். வெட்டு இருக்கிற இடத்துல ரெண்டு விரலே போதும். பிளாஸ்டிக்கும் அதேதான், நம்ம கையும் அதேதான். அப்போ மாறினது என்ன?

நாம இழுக்கிற விசை பாக்கெட் முழுக்கப் பரவிப் போகுது. நடுவுல வெட்டு வந்தா, அந்த வழியாப் போக வேண்டிய விசையெல்லாம் வெட்டோட முனையைச் சுத்திக்கிட்டுப் போகணும். ரோட்டுல ஒரு லேனை அடைச்சா மீதி லேன்ல வண்டி நெருக்குமே, அப்படித்தான். 1913-ல இங்கிலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இதைக் கணக்காவே போட்டுக் காட்டினார். தகட்டுல வட்டமான ஓட்டை இருந்தா அதன் விளிம்புல தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், 3 மடங்கு. அதுவே அகலத்தைவிட 10 மடங்கு நீளமான நீள்வட்ட ஓட்டையா இருந்து, குறுக்கே இழுத்தா, முனையில 21 மடங்கு!

அடுத்து, ஃபார்ன்பரோவுல இருந்த விமான ஆய்வு நிலையத்துல வேலை பார்த்த கிரிஃபித். கண்ணாடியோட அணுப் பிணைப்பை வெச்சுக் கணக்குப் போட்டா அது தாங்க வேண்டிய அளவு ரொம்ப அதிகம். நிஜத்துல நூத்துல ஒரு பங்குதான் தாங்குது. ஏன்னா, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அதுல ஏற்கனவே இருக்கு. 1921-ல வந்த அவரோட கட்டுரை சொன்னது இதுதான்: விரிசல் எவ்வளவு நீளமோ, அது ஓட ஆரம்பிக்க அவ்வளவு குறைஞ்ச விசை போதும்.

இப்போ என் கதைக்கு வர்றேன். காலேஜ் முடிச்சதும் நான் ஒரு டெஸ்டிங் லேப்ல சேர்ந்தேன். ஒரு பிராக்கெட். அது அதிகபட்ச லோடு தாங்குதான்னு ஒரு டெஸ்ட். லட்சக்கணக்கான தடவை ஏத்தி இறக்கினா தாங்குதான்னு இன்னொரு டெஸ்ட், அதுக்குப் பேர் ஃபடீக் டெஸ்ட். ரிப்போர்ட்டுக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. நான் புத்திசாலித்தனமா ஒரே பீஸ்லயே ரெண்டையும் பண்ணிட்டேன். முதல்ல ஓவர்லோடு, அப்புறம் ஃபடீக். ஜம்முனு பாஸ். கையெழுத்துப் போடப் போன நேரத்துல எங்க சீனியர் அண்ணன் கேட்டார்: “தம்பி, காமெட் தெரியுமா?”

தெரியாதுன்னேன். உட்கார வெச்சுச் சொன்னார்.

டி ஹாவிலண்ட் காமெட். பயணிகள் சேவைக்கு வந்த உலகத்தோட முதல் ஜெட் விமானம், 1952 மே மாசம். மேலே காத்து மெல்லிசு, அதனால கேபினுக்குள்ள அழுத்தம் ஏத்தணும். ஒவ்வொரு பயணத்துலயும் விமான உடல் பலூன் மாதிரி ஒரு தடவை உப்பி, ஒரு தடவை சுருங்கும். 1954 ஜனவரி 10, எல்பா தீவு பக்கத்துல ஒரு காமெட் வானத்துலயே உடைஞ்சுது. 35 பேர் இறந்தாங்க. விமானங்களை நிறுத்தினாங்க. காரணம் கிடைக்கலை. சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் சரிசெஞ்சு, மார்ச் 23-ல மறுபடி பறக்க விட்டாங்க. ஏப்ரல் 8, நேப்பிள்ஸ் பக்கத்துல அடுத்தது. 21 பேர். நடுவுல வெறும் 16 நாள்.

அப்புறம் ஃபார்ன்பரோவுல ஒரு முழு காமெட்டைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு, உள்ளேயும் தண்ணியை நிரப்பி, அழுத்தத்தை ஏத்தி இறக்கினாங்க. காத்தை வெச்சுப் பண்ணியிருந்தா உடையும்போது குண்டு மாதிரி வெடிச்சிருக்கும். அந்த விமானம் நிஜமா பறந்ததையும் சேர்த்து, 3,057-வது ‘பயணத்துல’ ஒரு ஜன்னல் மூலையில இருந்து கிழிஞ்சுது. எல்பா கடலடியில இருந்து எடுத்த பாகங்கள்லயும் அதே கதை. கூரையில ஆன்டெனாவுக்காக வெட்டின திறப்போட மூலை. ஒரு ரிவெட் ஓட்டை. அங்கிருந்து விரிசல்.

ஆனா கம்பெனி முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருந்தது. உடலோட ஒரு பகுதி 16,000 தடவைக்கு மேல தாங்குச்சு. எப்படி? அந்தப் பீஸுக்கு ஏற்கனவே வழக்கமான அழுத்தத்தைப்போல ரெண்டு மடங்கு கொடுத்திருந்தாங்க. அப்போ ஓட்டைகளைச் சுத்தி உலோகம் துளி நீண்டு போகும். அழுத்தத்தை எடுத்ததும் சுத்தி இருக்கிற உலோகம் அதைத் திரும்ப நெருக்கும். இனிமே இழுக்கிற விசை முதல்ல அந்த நெருக்கத்தைத் தீர்த்தாகணும். அதனால விரிசல் ரொம்பத் தாமதமா வரும். பயணிகள் ஏறின விமானங்களுக்கு யாரும் அந்த ரெண்டு மடங்கைக் கொடுக்கலை.

நான் பண்ணினதும் அதேதான். ஓவர்லோடு கொடுத்து என் பீஸை நானே பலப்படுத்திட்டு, பாஸ்னு எழுதப் போயிருக்கேன்.

அண்ணன் திட்டலை. புது பீஸ் எடுத்து மாட்டச் சொன்னார், அவ்வளவுதான். ரிப்போர்ட் நாலு நாள் லேட்டு. புது பீஸ் இலக்குல பாதியைக்கூடத் தொடலை. வளைவுல, மூலை கூர்மையா இருந்த இடத்துலயே விரிசல். டிசைன்ல அந்த மூலையை வட்டமாக்கினாங்க.

இன்னைக்கு விமானத்தை வடிவமைக்கிறவங்க விரிசல் இருக்கும்னே வெச்சுக்கிட்டுத்தான் கணக்குப் போடுறாங்க. அது ஆபத்தான நீளத்தைத் தொடுறதுக்குள்ள கண்ணுல படுற மாதிரி சோதனைக்கு நாள் குறிக்கிறாங்க. அடுத்த தடவை ஜன்னல் சீட் கிடைச்சா, அந்த வளைஞ்ச மூலையைத் தொட்டுப் பாருங்க. நான் ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்கிறேன். அண்ணன் ஞாபகம் வரும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.