இரை அரிதான ஆழத்தில் சுறாக்கள்

கடல்வாழ் உயிர்களுக்கான உணவில் மிகப் பெரும்பகுதி, சூரிய ஒளி ஊடுருவும் மேலடுக்கில், அதாவது நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் வரையிலான ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்களால் விளைவிக்கப்படுகிறது. அதற்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் இல்லை. 1,000 மீட்டரைத் தாண்டினால் பகலென்றும் இரவென்றும் வேறுபாடே இல்லை. ஆகவே ஆழ்கடல் என்பது, கடலடி வெந்நீர் ஊற்றுகளை அண்டியுள்ள சில இடங்கள் நீங்கலாக, தானே எதையும் விளைவிக்காமல், மேலிருந்து விழுவதையும் இறங்கி வருவதையும் நம்பிக் காலந்தள்ளும் உலகம். இன்று அறியப்பட்டுள்ள சுறா இனங்களில் ஏறத்தாழப் பாதி, நீர்ப்பரப்பில் துடுப்பைக் காட்டித் திரியும் புலிச் சுறாவையோ வெள்ளைச் சுறாவையோ போலன்றி, இந்த உலகத்தில்தான் வாழ்கின்றன. அவை எதைத் தின்று, எவ்வாறு பிழைக்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

மேலிருந்து ஆழத்துக்கு உணவு வந்து சேரும் வழிகள் சிலவே. இறந்த நுண்ணுயிர்களும் கழிவுகளும் துகள்களாக இடைவிடாமல் உதிர்ந்துகொண்டிருப்பதைக் கடலியலார் ‘கடற்பனி’ என்பர்; ஆனால் சுறா போன்ற பேருயிர் அதை நேரடியாக உண்ண இயலாது; அதை உண்ணும் இறால்களையும் சிறுமீன்களையும்தான் உண்ண இயலும். இரண்டாவது வழி, நாள்தோறும் நிகழும் ஒரு மாபெரும் இடப்பெயர்ச்சி: பகலில் எதிரிகளின் கண்ணுக்குத் தப்பி இருளில் ஒதுங்கியிருக்கும் லாந்தர் மீன்களும், கணவாய்களும், கிரில் எனப்படும் இறால் போன்ற சிற்றுயிர்களும், இரவில் மேலேறி மேய்ந்துவிட்டு விடியுமுன் மீண்டும் கீழிறங்குகின்றன, இவ்வாறு மேலே உண்ட உணவைத் தம் உடலிலேயே சுமந்துவந்து, ஆழத்தில் காத்திருக்கும் வேட்டையுயிர்களுக்கு இரையாகின்றன. மூன்றாவது, எப்போதோ ஒருமுறை வந்து விழும் பிணம். இறந்த திமிங்கிலம் ஒன்று கடலடியில் கிடந்தால், தூங்குசுறா என்னும் இனத்தவையும் பிற பிணந்தின்னிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 40 முதல் 60 கிலோ வரை சதையைக் குறைத்துவிடுவதாகக் கலிபோர்னியாவை அடுத்த கடலடியில் நடந்த ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. ஆனால் அத்தகைய விருந்து எங்கே, எப்போது விழும் என்பது எந்தச் சுறாவுக்கும் தெரியாது.

இச்சுறாக்களின் உணவை அறிவது எளிதன்று. ஆழ்கடலில் உணவருந்தும் காட்சியை நேரில் கண்டவர் மிகச் சிலர் என்பதால், பிடிபட்ட சுறாவின் இரைப்பையை அறுத்துப் பார்ப்பதே நெடுங்காலமாக இருந்துவரும் முறை; அங்கே எஞ்சியிருப்பவையோ, எளிதில் செரிக்காத கணவாயின் அலகு, மீனின் காதெலும்பு, இறாலின் ஓட்டுத் துண்டு போன்றவையே. பெரும்பாலும் அவையும் இருப்பதில்லை. ஜப்பானின் சுருகா விரிகுடாவில் பிடிபட்ட ஃபிரில்டு சுறா எனப்படும் பழமையான தோற்றமுடைய, பாம்பு போன்ற நீளுடல் கொண்ட இனத்தைச் சேர்ந்த 139 சுறாக்களை ஆராய்ந்து 1991-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கின் இரைப்பை வெறுமையாகவே இருந்தது. உணவு இருந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கணவாய் வகைகள். அவற்றுள்ளும் மெதுவாக மிதந்து திரியும் ஆழ்கடல் கணவாய்களோடு, விரைந்து நீந்தும் வலுமிக்க இனங்களும் காணப்பட்டது ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. தளர்ந்த தசையும் மெதுவான நடமாட்டமும் கொண்ட சுறாவுக்கு அவ்வளவு விரைவான இரை எவ்வாறு அகப்பட்டது என்ற கேள்விக்கு, முட்டையிட்டுக் களைத்தோ காயமுற்றோ செத்துக்கொண்டிருக்கும் கணவாய்களை அது பொறுக்கியிருக்கலாம் என்பது முன்வைக்கப்பட்ட விடைகளுள் ஒன்று. ஏறத்தாழ 300 பற்கள், ஒவ்வொன்றும் முக்கூராகப் பின்னோக்கி வளைந்தவை, அதன் வாயில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒருமுறை கௌவியது நழுவிப்போக அவை இடந்தருவதில்லை. இரை கிடைப்பதே அரிதான இடத்தில் கிடைத்ததை இழப்பது பெருநட்டம்.

வெறும் இரைப்பை என்பதைப் பட்டினி என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆழத்திலிருந்து தூக்கப்படும்போது சில மீன்கள் உண்டதைக் கக்கிவிடுகின்றன. தூண்டிலின் இரையைத் தேடி வருவதே பசித்த சுறாக்கள்தாம் என்ற ஐயமும் உண்டு. இக்குறையை ஈடுசெய்யவே அண்மைக் காலத்தில் ஐசோடோப்பு முறை கைக்கொள்ளப்படுகிறது. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். நைட்ரஜனின் கனமான வடிவம், உண்ணப்படுபவற்றைவிட உண்பவற்றின் உடலில் சற்றே மிகுதியாகத் தங்குவதால், ஒரு சுறாவின் தசைத் துணுக்கை அளந்தே அது உணவுச் சங்கிலியின் எந்தப் படியில் நிற்கிறது என்று கூற முடிகிறது. இரைப்பை கடைசியாக உண்ட ஒரு வேளையைக் காட்டும். தசையோ பல மாத உணவின் சராசரியைக் காட்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு, குக்கீ கட்டர் சுறாவைப் பற்றிய அறிவு மாறிவந்த வரலாறே தக்க சான்று. அரை மீட்டர் நீளத்தை ஒட்டியே வளரும் இச்சிறு சுறா, சூரை மீன், வாள்மீன், ஓங்கில், திமிங்கிலம் என்று தன்னைவிடப் பன்மடங்கு பெரிய உயிர்களின் மேல் உதடுகளை உறிஞ்சிப் பதித்து, கீழ்த்தாடையின் பெரிய பற்களை ஊன்றி, உடலைச் சுழற்றி, பிஸ்கட் மாவில் அச்சை அழுத்தி வட்டம் எடுப்பதுபோல ஒரு துண்டுச் சதையைப் பெயர்த்துக்கொண்டு விலகிவிடுகிறது. மீன்களிலும் திமிங்கிலங்களிலும் காணப்பட்ட அந்த வட்டப் புண்களுக்கு நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் காரணமாகச் சொல்லப்பட்டுவந்த நிலையில், 1971-இல்தான் அவற்றை உண்டாக்குவது இச்சுறா என்று எவரெட் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் நிறுவினார். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒலியுணர் கருவிகளை மூடியிருந்த ரப்பர் உறைகளைக்கூட இது கடித்துக் குதறியிருக்கிறது. இதன் வயிற்றுப்புறம் முழுவதும் பச்சை ஒளி உமிழ, தொண்டைப் பகுதியில் மட்டும் ஒரு கருநிறப் பட்டை ஒளியற்றிருக்கிறது. கீழிருந்து நோக்கும் சூரைக்கு அப்பட்டை ஒரு சிறுமீனின் நிழலாகத் தோன்றி, இரை தேடி வருவதே இரையாகிவிடுகிறது என்ற கருத்தை 1998-இல் எடித் விட்டர் வெளியிட்டார். ஓரளவு ஏற்கத்தக்க கருத்தே எனினும், அது இன்றும் கருதுகோள் நிலையில்தான் உள்ளது.

பெருமீன்களின் சதையைத் திருடியே வாழும் உயிர் என்று பெயர்பெற்றுவிட்ட இச்சுறாவின் திசுக்களிலுள்ள ஐசோடோப்புகளையும் கொழுப்பு அமிலங்களையும், இரைப்பையில் எஞ்சிய மரபணுத் தடயங்களையும் ஹவாய்ப் பகுதியில் ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு வேறொரு படத்தைத் தந்தது: அதன் உணவில் பெரும்பகுதி, நடு ஆழத்தில் வாழும் சிறுமீன்களும் கணவாய்களும் இறால் வகைகளுமே, சூரையும் திமிங்கிலமும் சிறு பங்குதான். கடிபட்ட பெருமீன்கள் கரைக்கு வந்து புண்ணைக் காட்டின; விழுங்கப்பட்ட சிறுமீன்கள் எந்தச் சாட்சியமும் விட்டுச்செல்லவில்லை. ஆழ்கடல் சுறாக்களைப் பற்றிப் பரவியுள்ள பல பயங்கரக் கதைகள் இத்தகைய ஒருதலைச் சான்றால் விளைந்தவை என்றே கருத வேண்டும்.

சிக்கனம் என்பதே இவ்வுயிர்கள் பலவற்றின் பொதுக்குணம். நீண்ட தட்டையான மூக்குடைய கோப்ளின் சுறா, இரையைத் துரத்துவதில்லை. அம்மூக்கின் அடியிலுள்ள, பிற உயிர்களின் உடலிலிருந்து கசியும் நுண்ணிய மின்புலத்தை உணரும் துளைகளால் இரையின் இருப்பை அறிந்து, உடலை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னே எறிகிறது. ஜப்பானியத் தொலைக்காட்சியினர் படம்பிடித்த காட்சிகளை அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தாடை நொடிக்கு 3.1 மீட்டர் வேகம் வரை எட்டி, உடல் நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தொலைவு முன்னே பாய்கிறது. வயிற்றில் ஒளிவிட்டு, மேலிருந்து கசியும் மங்கிய வெளிச்சத்தோடு தம் நிழலைக் கரைத்துக்கொள்ளும் சிறிய லாந்தர் சுறாக்களோ, குட்டியாக இருக்கையில் கிரிலையும், வளர்ந்தபின் மீனையும் கணவாயையும் உண்கின்றன. வயதுக்கேற்ப இரை மாறுவதால் தாயும் குட்டியும் ஒரே உணவுக்குப் போட்டியிட நேர்வதில்லை.

இச்சிக்கனத்தின் உச்சம் கிரீன்லாந்து சுறா. வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக் கடலிலும் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாழும் இது ஐந்து மீட்டருக்கு மேல் வளர்வது. கண்வில்லையின் கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு 2016-இல் மதிப்பிட்டபோது, குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடியது என்று தெரியவந்தது. ஸ்வால்பார்டு தீவுகளை அடுத்துக் கருவி பொருத்தி அளந்து 2012-இல் வெளியான ஆய்வில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 0.34 மீட்டர், அதாவது மனிதர் நடக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய சுறாவின் வயிற்றில் அதைவிட மிக விரைவாக நீந்தும் கடல்நாய்களின் உடல்கள் கிடப்பது நெடுநாள் புதிராக இருந்தது. பனிப்பாறைமேல் படுத்தால் பனிக்கரடிக்கு அஞ்ச வேண்டியிருப்பதால் ஆர்க்டிக் கடல்நாய்கள் நீரிலேயே உறங்குவதுண்டு. உறங்குவதை ஓசையின்றி நெருங்கிப் பிடிக்கிறது என்பதே அவ்வாய்வாளர்கள் தந்த விளக்கம். இரண்டு மீட்டருக்குக் குறைந்த இளஞ்சுறாக்கள் பெரிதும் கணவாய்களை உண்ண, வளர்ந்தவை கடல்நாய்களுக்கும் கடலடி மீன்களுக்கும் மாறுகின்றன. இருநூறு கிலோவைத் தாண்டிய ஒரு சுறாவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக இருநூறு கிராமுக்கும் குறைந்த இரையே போதும் என்று, அதன் ஆற்றல் செலவை அளந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிடுகிறது. ஒரு கடல்நாய் அகப்பட்டால் பல மாதங்களுக்குக் கவலையில்லை என்பது அக்கணக்கின் பொருள்.

இவ்வாறு எப்போதோ கிடைப்பதைச் சேமித்துவைக்கும் கிடங்கு ஈரல். காற்றுப்பை இல்லாத சுறாக்கள், நீரைவிட எடை குறைந்த ஸ்குவாலீன் போன்ற எண்ணெய்களை ஈரலில் நிறைத்து மிதக்கின்றன. சில ஆழ்கடல் இனங்களில் உடல் எடையில் கால்பங்கு வரை ஈரலே. அந்த எண்ணெய்க்காகவே மனிதரும் அவற்றைத் தேடிச் செல்கின்றனர். ஆயிரங்கால் தூண்டிலில் சுறா பிடிப்பதில் பெயர்பெற்ற கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள், சென்ட்ரோபோரஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆழ்கடல் சுறாக்களைப் பிடித்துக் கொச்சித் துறைமுகத்தில் இறக்கிவந்துள்ளனர். அத்துறைமுகத்தில் இறங்கிய, முட்கள் போன்ற செதில்கள் உடலெங்கும் பரவிய பிராம்பிள் சுறாக்களை ஆராய்ந்தபோது, இறால் வகைகள், மீன்கள், கணவாய்களோடு பிற சுறா, திருக்கை இனங்களும் அவற்றின் உணவாக இருந்தது தெரிந்தது. இரை தேர்ந்தெடுத்து உண்ணும் வசதி அரபிக்கடலின் ஆழத்திலும் இல்லை.

இத்தனை சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எலும்புமீன்கள் 8,000 மீட்டருக்குக் கீழும் வாழ்கின்றன. ஆனால் சுறாக்கள் 3,000 மீட்டருக்குக் கீழே மிக அரிதாகவே காணப்படுவதால், கடற்பரப்பின் அடியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அவற்றுக்கு எட்டாத இடம் என்று 2006-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று எடுத்துக்காட்டியது. எண்ணெய் நிறைந்த அவ்வளவு பெரிய ஈரலை வளர்த்துப் பேணத் தேவையான ஆற்றல் அந்த ஆழத்தில் கிடைப்பதில்லை என்பது அக்குழுவின் விளக்கம். சுறாக்களின் உடலில் யூரியா மிகுந்திருப்பதால், அழுத்தத்திலிருந்து புரதங்களைக் காக்கும் வேதிப்பொருளை ஓரளவுக்கு மேல் சேர்க்க அவற்றால் இயலாது என்ற மாற்று விளக்கமும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அரிதாக அந்த எல்லையைக் கடப்பவற்றுள், போர்த்துக்கீசிய நாய்ச்சுறா எனப்படும் இனம் 3,675 மீட்டர் ஆழம் வரை பதிவாகியுள்ளது. கணவாய், மீன் ஆகியவற்றோடு, திமிங்கில இனங்களின் சதைத் துண்டுகளும் அதன் இரைப்பையில் கிடைத்துள்ளன.