கலப்பற்ற இரத்தம் என்னும் பொய்

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எங்கள் இரத்தம் கலப்பற்றது" என்று மார்தட்டும் ஜாதி வெறியர்களுக்கு விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது.

ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் பெருமளவில் கலந்தனர். பிறகே ஜாதிக்குள் மணம் என்ற வேலி இறுகியது என்பது அதன் முடிவு. ஜாதி வேலி ஆதியில் இருந்ததல்ல, இடையில் வந்தது!

வேலியால் விளைந்தது என்ன? தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் பல பரம்பரை நோய்கள் தலைகாட்டும். சிறு வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் அந்த ஆபத்து பெருகும்.

கலப்போ வாழ வைத்திருக்கிறது. பிராணவாயு குறைந்த பீடபூமியில் திபெத்தியர் வாழத் துணை நிற்கும் மரபணு, மறைந்துபோன டெனிசோவன் மனிதரிடமிருந்து கலப்பால் வந்தது என்று 2014-ல் கண்டறிந்தனர்.

ஆனால் தோழர்களே, மரபணு சாட்சி சொல்லாவிட்டாலும், மனமொத்து மணப்பது மனித உரிமை. ஜாதி மீறி மணந்தவர்களை வெட்டிச் சாய்க்கும் கொடுமை இன்னும் ஓயவில்லை. அந்த இளம் தம்பதிகளுக்கு நம் சங்கமே வீடு, நாமே உற்றார். வேலியைத் தகர்ப்போம்!