அட்டை இருந்தது, புத்தகம் இல்லை

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில், பாடசாலை மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



"ஏதாவது மருத்துவம் சம்பந்தமாகக் கதையுங்கோ, நீரிழிவு, பிரஷர் எண்டு" என்றுதான் செயலாளர் என்னிடம் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். இந்த மண்டபத்தில் இருக்கும் அரைவாசிப் பேருக்கு நீரிழிவைப் பற்றி என்னிலும் கூடத் தெரியும். ஒரு வைத்தியருக்குச் சந்தேகம் வந்தால் அவர் எங்கே போய்த் தேடுகிறார், தேடியது கிடைக்காவிட்டால் என்ன செய்கிறார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கேட்க உப்புச்சப்பில்லாத விடயம் போல இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேடுவதை நான் முதலில் கற்றது இந்தப் பாடசாலையில்தான். மேல்மாடிக் கடைசி அறையில் எங்கள் நூலகம் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அட்டைகள் அடுக்கிய மர இழுப்பறைகள். ஆறாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடத்துக்குப் பாம்புகளைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். நான் 'பா' இழுப்பறையைக் கிண்டிவிட்டு, "பாம்பைப் பற்றி ஒண்டும் இல்லை ரீச்சர்" என்றேன். நூலகத்துக்குப் பொறுப்பாயிருந்த ரீச்சர் எழும்பி வரவில்லை. "பிள்ளை, பாம்பு எந்த இனம்?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டார். 'ஊர்வன' என்ற அட்டைக்குப் பின்னால் மூன்று புத்தகங்கள் இருந்தன. "நீ என்ன சொல் சொல்லுறாய் எண்டது முக்கியமில்லை. அட்டை எழுதினவர் என்ன சொல் போட்டவர் எண்டு யோசி" என்றார். அந்த வசனம் எனக்குப் பின்னால் எத்தனை தரம் உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் எல்லோரும் போனோம். மறுவருடம் திரும்பி வந்தபோது இழுப்பறைகள் இருந்தன, அட்டைகளும் இருந்தன. புத்தகங்களில் பல இல்லை. எழுதியவர் பெயர், தலைப்பு, பக்க எண்ணிக்கை எல்லாம் அட்டையில் உண்டு. எழும்பிப் போய்ப் பார்த்தால் தட்டு வெறுமை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடத் தொடங்கிய பிறகு அந்த வெறும் தட்டு எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவதுண்டு.

இனி வைத்தியசாலைக் கதைக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து நான்கு வருடங்களின் பின், வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை செய்தேன். நெல் அறுவடைக் காலம் வந்தால் பாம்புக்கடி வராத நாள் குறைவு. ஓரிரவு, புடையன் கடித்த ஒரு கமக்காரரைக் கொண்டுவந்தார்கள். இரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றியே ஆகவேண்டும். இந்த மருந்து இந்தியாவில் குதிரைகளின் இரத்தத்திலிருந்து தயாராவது. ஏற்றும்போது பலருக்கு ஒவ்வாமை வரும், சிலருக்கு உயிராபத்தாகவும் போகும். அதைத் தடுக்கவென்று நாங்கள் முன்கூட்டியே மூன்று மருந்துகளைக் கொடுப்போம்: சிறிதளவு அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெத்தசின். மூன்றும் போட்டால் மூன்று மடங்கு பாதுகாப்பு என்பது எங்கள் எண்ணம். எனக்கு மூத்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன்.

அந்த மனிதருக்கு மருந்து ஏற்றி அரைமணித்தியாலத்துக்குள் இரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சு இழுத்தது. தாதியர் இருவரும் நானும் விடியும் வரை நின்றோம். பிழைத்துக்கொண்டார். மனைவி வாசலில் நின்று, "மருந்துதானே குடுத்தனீங்கள் அம்மா, பேந்தேன் இப்பிடி வந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த நாள் கணினியில் இருந்தேன். பப்மெட் என்ற தேடுதளம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. இன்று அதில் 3 கோடி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விபரங்கள் உண்டு. நாங்கள் வாட்டில் விஷமுறிவு மருந்தை 'ஏ.எஸ்.வி.' என்றுதான் சொல்வோம். அதையே தட்டினேன். வந்தவற்றில் ஒன்று கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரசைப் பற்றியது. இன்னொன்று நித்திரையில் மூச்சுத் தடைப்படுபவர்களுக்கு வைக்கும் இயந்திரத்தைப் பற்றியது. அந்த மூன்றெழுத்துக்கு உலகில் வேறு சொந்தக்காரர் பலர் இருந்தார்கள். சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் 1999இல் பி.எம்.ஜே. சஞ்சிகையில் வந்த இலங்கை ஆய்வொன்றைப் பிடித்தேன். 105 நோயாளிகள். அட்ரினலின் கொடுக்கப்பட்டவர்களில் 11 வீதமானோருக்கு ஒவ்வாமை, கொடுக்கப்படாதவர்களில் 43 வீதமானோருக்கு. அப்பாடா, நாங்கள் செய்தது சரிதான் என்று கணினியை மூடிவிட்டேன். வைத்தியர்கள் செய்யும் வழமையான பிழை இது: மனதுக்கு ஆறுதலான முதற் கட்டுரையோடு நிறுத்திவிடுவது.

மற்ற இரு மருந்துகளைப் பற்றிய கேள்வி மட்டும் மனதில் கிடந்தது. ஒரு மருத்துவ நூலகத்தில் வேலை செய்த நூலகர் அக்கா ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி: "டொக்டர், என்ன சொல் போட்டுத் தேடினனீங்கள்?" எனக்கு மேல்மாடி ரீச்சரின் குரல்தான் கேட்டது.

பிறகு அவர் தொலைபேசியிலேயே பாடம் நடத்தினார். அந்த நூலகம் 1960 முதல் மருத்துவத்துக்கென ஒரு சொற்பட்டியலை வைத்திருக்கிறது. கட்டுரையை எழுதியவர் எந்தச் சொல்லைப் பாவித்தாலும், பொருளைப் பார்த்துப் பட்டியலிலுள்ள சொல்லின் கீழ் அது சேர்க்கப்படும். விஷமுறிவு மருந்துக்கு அங்கே பெயர் 'அன்ரிவெனின்ஸ்'. பாம்புக்கடி 'ஸ்நேக் பைட்ஸ்'. 'அன்ட்' என்ற சொல்லைப் போட்டால் இரண்டும் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். 'ஓர்' போட்டால் இரண்டில் ஒன்று இருந்தாலும் வரும். "முதலிலை உங்கடை கேள்வியைத் துண்டு துண்டாய் எழுதுங்கோ. ஆருக்கு, என்ன மருந்து, எதைத் தடுக்க. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள வேறு வேறு பெயர்களை ஓர் போட்டுச் சேருங்கோ, பிறகு துண்டுகளை அன்ட் போட்டுக் கட்டுங்கோ." இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

பத்து நிமிடத்தில் அவர் அனுப்பிய கட்டுரை 2011இல் பிளொஸ் மெடிசின் சஞ்சிகையில் வந்தது. இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 1007 பாம்புக்கடி நோயாளிகள். எங்கள் அதே மூன்று மருந்துகளும் தனித்தனியாகவும் சேர்த்தும் பரீட்சிக்கப்பட்டிருந்தன. அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதத்தால் குறைத்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனுக்கும் புரோமெத்தசினுக்கும் அந்தப் பயன் இல்லை. அதற்கு மேலும் ஒன்று: ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினால் கிடைத்த நன்மையும் இல்லாமல் போனது. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கமக்காரருக்கு இதனால்தான் அப்படி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருடங்களாக வெளியில் இருந்த கட்டுரை அது. ஒரு சதமும் கொடுக்காமல் யாரும் வாசிக்கக்கூடியது. எங்கள் நாட்டிலேயே, எங்கள் ஆட்களை வைத்துச் செய்தது. பூட்டிய அலுமாரி எதுவும் எனக்கும் அதற்கும் இடையில் இருக்கவில்லை, பிழையான சொல் மட்டுமே இருந்தது.

நூலகர் என்றால் புத்தகம் எடுத்துத் தருபவர் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 2001 யூன் மாதம், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலன் ரோச் என்ற 24 வயதுப் பெண் இறந்துபோனார். அவர் நோயாளி அல்ல. ஆஸ்துமா ஆய்வொன்றுக்குத் தானாக முன்வந்த சுகதேகி. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்திருந்தார்கள். நுரையீரல் பழுதடைந்தது. ஆய்வாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடித்தான் இருந்தார். அன்று அதில் 1966க்குப் பிற்பட்டவைதான் இருந்தன. அந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்பட்டதைச் சொல்லும் கட்டுரைகளோ 1950களில் வந்தவை. அச்சிட்ட பழைய சுட்டிகளில் அவை இருந்தன. 1879இல் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்ற இராணுவ வைத்தியர் தொடங்கிய 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அந்தச் சுட்டி வரிசையில் எந்த ஆண்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மருத்துவ நூலகருக்குத் தெரியும். இப்போது 1940கள் வரையான விபரங்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். இருந்தும், கணினியில் இல்லாதது உலகத்தில் இல்லை என்ற எண்ணம் எங்களை விட்டுப் போகவில்லை. எங்கள் நாட்டுச் சஞ்சிகைகள் பல பப்மெட்டில் இல்லை. அவற்றுக்கு 2008இல் தொடங்கிய 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்ற தளத்தைப் பார்க்கவேண்டும்.

கண்டுபிடிப்பது ஒரு பாதி. கையில் எடுப்பது மறுபாதி. பப்மெட்டில் வருவது பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான், எங்கள் பழைய இழுப்பறை அட்டை மாதிரி. முழுக் கட்டுரைக்கு 30 டொலருக்கு மேல் கேட்கும் சஞ்சிகைகள் உண்டு. சுருக்கத்தை மட்டும் வாசித்து வைத்தியம் செய்வது ஆபத்து. யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். புடையன் கடித்தபின் சிறுநீரகம் பழுதடைவதைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக நான் இப்படித் தவித்திருக்கிறேன். படிக்கப்பட்டவர்கள் எங்கள் கமக்காரர், வாசிக்கக் காசு கேட்கிறவர் வேறெங்கோ இருப்பவர். கோபம் வராமல் என்ன செய்யும்? கடைசியில் கட்டுரையில் இருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். இரண்டாம் நாள் எழுதியவரே பிரதியை அனுப்பி, "இதைக் கேட்டு எழுதியதற்கு நன்றி" என்றும் சொல்லியிருந்தார்.

வேறு நேரான வழிகளும் உண்டு. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசம். உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஆறு வெளியீட்டாளர்களோடு தொடங்கிய ஹினாரி திட்டம், வருமானம் குறைந்த நாடுகளுக்குச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ தருகிறது. ஆனால் அதில் தனியாள் பதிய முடியாது, நிறுவனம்தான் பதியவேண்டும். கடவுச்சொல் நூலகரிடம் இருக்கும். போய்க் கேட்கவேண்டும், அவ்வளவுதான். களவாகத் தரும் தளங்களும் இருக்கின்றன. பெயர் சொல்லமாட்டேன், பின்வரிசையில் சிரிக்கும் இளம் வைத்தியர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கும் தோழியருக்கும் இரண்டு விடயங்கள். முதலாவது, உங்கள் குடும்பக் குழுக்களில் தடுப்பூசி போட்டால் பிள்ளைக்கு ஓட்டிசம் வரும் என்று இப்போதும் செய்தி சுற்றுகிறது. அதற்கு வேர் 1998இல் லான்செட்டில் வந்த ஒரு கட்டுரை. அதை லான்செட்டே 2010இல் மீளப் பெற்றுவிட்டது. பப்மெட்டில் அந்தக் கட்டுரையைத் திறந்தால் மீளப் பெறப்பட்டது என்று எழுதியே இருக்கும். அனுப்புவதற்கு முன் ஒருதரம் பாருங்கள். வைத்தியராக இருக்கத் தேவையில்லை.

இரண்டாவது. நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்கிறது. நல்ல மனதோடு முன்பு பெட்டி பெட்டியாகப் பழைய மருத்துவப் பாடநூல்களை அனுப்பினீர்கள். அவற்றில் இப்போது கொடுக்கவே கூடாத மருந்துகளின் அளவுகளெல்லாம் இருந்தன. இனி வேண்டாம். உங்களுள் பலர் ஆய்வாளர்கள், பேராசிரியர்கள். கட்டுரை எழுதினால், வெளியீட்டாளர் அனுமதிக்கும் வடிவத்தை உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டுவிடுங்கள். முன்பின் அறியாத ஓர் இடத்திலிருந்து யாரோ ஓர் இளம் வைத்தியர் பிரதி கேட்டு எழுதினால் பதில் போடுங்கள். பாடசாலைக்குச் செய்ய விரும்பினால், மேல்மாடி அறைக்கு முழுநேர நூலகர் ஒருவரை வைக்க உதவுங்கள். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், நூலகரின் சம்பளத்துக்கு வைக்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

அந்த ரீச்சர் இன்று நம்மோடு இல்லை. தொலைபேசிப் பாடம் நடத்திய நூலகர் அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். இப்போதும் அழைத்தால் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்.

உயர்தரத் தங்கைமாருக்கு: நாளை காலை 9 மணிக்குக் கணினி அறையில் இருப்பேன். பப்மெட்டில் தேடுவதைக் காட்டித் தருகிறேன். ஆளுக்கொரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் அம்மம்மா குடிக்கும் மருந்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். கேள்வி இல்லாதவர்கள் பத்து மணிக்கு வந்தால் போதும், அதற்குள் தேநீர் தயாராகிவிடும்.