சராசரிக்குப் பின்னால் இருப்பது யார்?

இன்றைய அரங்கிற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், இடைநிலைப்பள்ளிக் கணிதத்தில் புள்ளியியல். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. இயற்கணிதம் படித்தால் பொறியியல் பக்கம் போகலாம்; பட்டைக் குறிவரைவு வரைந்து என்ன ஆகப் போகிறது என்பது அவர்களின் எண்ணம். ஆனால், இந்தக் கணக்கு தோட்டத்துக்குப் புதிதே அல்ல.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரங்களில் இன்று செம்பனை நிற்கும் எத்தனையோ நிலங்களில் முன்பு பால்மரங்கள் நின்றன. விடியலில் சீவி, வாளியில் சுமந்து வந்த பாலைக் கொட்டகையில் நிறுப்பார்கள். அந்த எடை மட்டும் கூலியை முடிவு செய்துவிடாது. பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உலர் ரப்பர். ஆகவே, சிறிது பாலை மாதிரியாக எடுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் விட்டு, ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 40 கிலோ பால், 30 விழுக்காடு என்றால் 12 கிலோ ரப்பர். அதே 40 கிலோவுக்கு 36 விழுக்காடு என்றால் 14.4 கிலோ. சுமந்து வந்த பாரம் ஒன்றுதான், கணக்கு வேறாகிவிட்டது.

எடையை விகிதத்தால் பெருக்கும் இந்த வாய்பாடு இயற்கணிதம். நன்றாகக் கலக்கிய பாலிலிருந்து மாதிரி எடுத்தார்களா, மேலாக அள்ளினார்களா என்று கேட்பது புள்ளியியல். ஒரே கொட்டகையில், ஒரே துண்டுச் சீட்டில், இரண்டும் சேர்ந்தே இருந்தன. பால்வாளி சுமந்த பாட்டிமார்களில் எத்தனை பேரால் அந்தச் சீட்டைப் படித்து, கிராணியிடம் ஒரு கேள்வி கேட்க முடிந்திருக்கும்? பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் திறன் வந்திருக்கிறதா என்பதுதான் விஷயம்.

பாடநூலைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. 2017-இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில், தரவைக் கையாளுதல் படிவம் ஒன்றிலும், சராசரி, நடுவெண், முகடு ஆகியவை படிவம் இரண்டிலும் வருகின்றன. ஆனால் அவை எங்கே வருகின்றன? இரண்டு நூல்களிலும் 13 அத்தியாயங்களில் அது 12-ஆவது! ஆண்டிறுதித் தேர்வு நெருங்க நெருங்க, ஆசிரியர் வேகமாக ஓட வேண்டிய இடம் அது. வாய்பாட்டைக் கொடுத்து, நான்கு கணக்கைச் செய்யவைத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டால், 'இந்த எண் என்ன சொல்கிறது?' என்ற கேள்விக்கு நேரமே இருப்பதில்லை. அனைத்துலக பீசா மதிப்பீட்டில் கணிதத்தின் நான்கு உள்ளடக்கப் பிரிவுகளில் ஒன்று தரவு பற்றியது. அந்தத் தேர்வின் கணிதப் பகுதியில் 2018-இல் 440 புள்ளி பெற்ற மலேசியா, 2022-இல் 409-க்கு இறங்கியது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் 'சராசரி' என்று படித்தது, இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'மின்' ஆகிவிடுகிறது. மின் என்றால் தமிழ்ப்பிள்ளைக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். இருமொழித் திட்டத்தில் ஆங்கில வழி படிப்பவருக்கோ அதுவே 'மீன்'. பந்தாய் ரெமிஸ் கடற்கரையை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் ஜெராம் பிள்ளைக்கு மீன் என்றால் என்னவென்று சொல்லவும் வேண்டுமா! சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும், 'இது உனக்கு முன்பே தெரிந்த சராசரிதான்' என்று முதல் நாளே எவராவது சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வீட்டில் அக்காவோ அண்ணனோ கூட இதைச் சொல்லலாம்.

சராசரியை இயற்கணிதத்தோடு சேர்த்துச் சொல்லித் தருவதும் எளிது. நான்கு சோதனைகளில் 48, 55, 62, 58 புள்ளிகள். ஐந்தாவதையும் சேர்த்துச் சராசரி 60 வர வேண்டுமானால் எவ்வளவு தேவை? நான்கின் கூட்டுத்தொகை 223. தெரியாத எண் எக்ஸ். 223-உடன் எக்ஸைக் கூட்டி 5-ஆல் வகுத்தால் 60 வர வேண்டும், எக்ஸ் 77. படிவம் ஒன்றில் படித்த நேரியல் சமன்பாடேதான். இதுவரை 62-ஐத் தாண்டாத பிள்ளை 77-க்கு எட்ட வேண்டும் என்பதையும் அந்த விடை காட்டுகிறது. அதைப் பேசாமல் விடைக்கு ஒரு 'சரி' போட்டுவிட்டு நகர்ந்தால் வேலை பாதியில் நிற்கிறது.

இனி வீட்டுக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டுக்கு ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் 1,700, 1,900, 2,000, 2,400, 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4,000 வெள்ளி. ஐந்தில் நான்கு குடும்பங்கள் அந்தத் தொகையைக் கண்ணால் கண்டதில்லை! வரிசையில் நடுவில் நிற்பது 2,000. இது வகுப்பறைக் கற்பனை மட்டுமல்ல. புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கெடுப்பில் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடுவெண் 6,338 வெள்ளி. இரண்டும் உண்மை, இரண்டும் அரசாங்கக் கணக்கு. எதைத் தலைப்பில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் படிப்பவரின் எண்ணம் மாறும். அதே ஆண்டு சிலாங்கூரின் நடுவெண் 9,983 வெள்ளி. பெட்டாலிங், கோல சிலாங்கூர், சபாக் பெர்ணாம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த எண் அது. ஜெராமில் ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டின் நிலையை அதில் தேடினால் கிடைக்காது.

எஸ்.பி.எம். முடிவுகளையும் வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். தேசியத் தர சராசரி 2022 தேர்வில் 4.74, 2023-இல் 4.60, 2024-இல் 4.49. எண் இறங்குகிறதே என்று பதற வேண்டாம். ஏ பிளஸுக்கு 0, தோல்விக்கு 9 என்பதால் இங்கே இறக்கமே முன்னேற்றம். இந்த மூன்று எண்களையும் மாணவர்கள் இரண்டு முறை வரையட்டும்: ஒன்றில் அச்சு 0 முதல் 9 வரை, மற்றொன்றில் 4.4 முதல் 4.8 வரை. முதல் படத்தில் கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். இரண்டாவதில் மலையிலிருந்து விழுவது போல் இருக்கும். எண் ஒன்றும் மாறவில்லை, தாள்தான் மாறியது. பத்திரிகை வரைபடத்தைப் பார்த்ததும் முதலில் அச்சைப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

தோட்டப்புறப் பள்ளிகளை அதிகம் காயப்படுத்துவது இன்னொன்று. ஒரு பாடத்தை 10 பேர் எழுதி ஒருவர் தவறினால் தேர்ச்சி 10 விழுக்காடு சரிகிறது. 200 பேர் எழுதும் நகரப் பள்ளியில் அதே ஒருவர் தவறினால் அரை விழுக்காடுதான். அடுத்த ஆண்டு அந்த ஓர் இடம் நிரம்பினால், சின்னப் பள்ளி 'அபார முன்னேற்றம்' என்று பாராட்டு வாங்கும். அதுவும் அந்த ஒருவரின் கணக்குதான். விழுக்காட்டை மட்டும் வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தினால், சின்னப் பள்ளிகளே மேலும் கீழுமாகத் தூக்கியெறியப்படும். பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று பெற்றோர் முடிவெடுப்பது இந்த வரிசையைப் பார்த்துத்தான் என்றால், மாணவர் குறைந்த பள்ளி மேலும் குறைந்துபோகும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தேர்ச்சி அட்டவணையைக் காட்டும்போது, 'எத்தனை பேர் எழுதினார்கள்?' என்ற பத்தி அதில் இருக்கிறதா என்று படிவம் இரண்டில் படிக்கும் பிள்ளையை விட்டே பார்க்கச் சொல்லலாம். இல்லையென்றால், அந்த எண்ணையும் சேர்த்துத் தரும்படி அங்கேயே எழுந்து கேட்கலாம்.