ஈரலில் கொழுப்பு, நெஞ்சில் பாரம்

(தருமபுரியில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி, வேலை நேரம், போனஸ், வீட்டுமனைப் பட்டா என்றுதான் நமது கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று ஈரலைப் பற்றியும் மனதைப் பற்றியும் பேசப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சா என்று சிலர் கேட்கலாம். உழைப்பாளிக்கு இருக்கிற ஒரே சொத்து உடம்பு. அந்தச் சொத்து கரைவதைப் பேசாமல் கூலியை மட்டும் பேசி என்ன பயன்?

வலது பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது கல்லீரல். தின்ற சோற்றின் சத்தைச் சேமிப்பதும், நஞ்சை முறிப்பதும் அதன் வேலை. உடம்பு செலவழிப்பதற்கு மேல் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்தால், அது ஈரலில் கொழுப்பாகப் படிகிறது. சாராயமும் இதைச் செய்யும். சாராயத்தைத் தொட்டே பாராதவருக்கும் இது வரும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலியில்லை. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஈரல் அழன்று, தழும்பேறி, கடைசியில் சுருங்கிப் போகிறது. 2021 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. மக்களில் 100க்கு 9 முதல் 32 பேர் வரை இதற்கு ஆளாகியிருக்கலாம் என்று அதுவே கூறிற்று.

பணக்காரன் வியாதியா?

"கொழுப்பு ஏறுவது கொழுத்தவனுக்குத்தானே, நமக்கேது?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மேற்கு வங்கத்தின் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. ஏழை உழைப்பாளிகள் நிறைந்த அந்த ஊர்களில் 100க்கு ஏறக்குறைய 9 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் உடல் பருத்தவர்கள் அல்ல. ஆகவே ஒல்லி உடம்பைக் காட்டி யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

மனதுக்கு இதில் என்ன வேலை?

கடன்காரன் வாசலில் நிற்கிறான். மழை பொய்த்துவிட்டது. பெங்களூருக்குப் பிழைக்கப் போன பிள்ளையிடமிருந்து தகவல் இல்லை. மில்லில் ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். இப்படி ஓயாத கவலையிலும் தூக்கக்கேட்டிலும் உடம்பு கார்டிசால் என்னும் சுரப்பைக் கூடுதலாக விடுகிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேர வழி செய்கிறது. மனம் சோர்ந்தவன் நடப்பதில்லை, நேரத்துக்கு உண்பதில்லை. தூக்கம் வரட்டும் என்று பாட்டிலைத் தேடுகிறான். எல்லாம் போய்ச் சேருமிடம் ஈரல்தான்.

மறுபக்கமும் உண்டு. ஈரல் கெட்டவரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. நாளெல்லாம் அசதி. ஈரலின் அழற்சியில் பிறக்கும் பொருள்கள் மூளையையும் தொடுகின்றன என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். இதற்குமேல் ஊர்ப்பேச்சு வேறு! ஈரல் நோய் என்றதும் "குடிகாரன்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். குடியே அறியாத பெண்கள்கூட இதனால் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு வைத்தியத்தை விட்டுவிடுகிறார்கள். இரட்டைமாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்தால் மற்றதும் நகராது. மனமும் ஈரலும் அப்படித்தான்.

மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பும். எடை, சர்க்கரை, ஈரல் பரிசோதனை செய்யுங்கள் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு.

பேயல்ல, நோய்!

ஈரல் மிகவும் சுருங்கிப்போனவர்களுக்கு நஞ்சு மூளைக்கு ஏறும். பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார், கை நடுங்கும், பிதற்றுவார், வீட்டு மனிதரையே அடையாளம் தெரியாது. இதைப் பேய் பிடித்தது, பைத்தியம் பிடித்தது என்று மந்திரவாதியிடம் தூக்கிக்கொண்டு போவது உயிரை வாங்கிவிடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், குடலைச் சுத்தம் செய்யும் லாக்டுலோஸ் என்ற சாதாரணப் பாகு மருந்திலேயே பலர் தெளிந்துவிடுகிறார்கள்.

மனநோயே ஆனாலும் கட்டிவைப்பது வைத்தியமல்ல. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். அந்தச் சாம்பலை நாம் மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அரசு செலவில் மனநல வைத்தியம் பெறுவதை உரிமையாக்குகிறது.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, எடை கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் நன்றாகத் தணிகின்றன. தினம் அரைமணி வேகநடை ஈரலுக்கும் மருந்து, மனதுக்கும் மருந்து. களையெடுப்பவருக்கு இது தேவைப்படாது. மெஷின் அருகே நிற்பவருக்கும் காவலுக்கு உட்கார்ந்திருப்பவருக்கும் தேவை.

இரண்டாவது, உணவு. மூன்று வேளையும் அரிசிச் சோறு, இடையிடையே சர்க்கரை போட்ட டீ, பாட்டில் பானம் என்பதை மாற்ற வேண்டும். கேழ்வரகும் சாமையும் நமது மண்ணின் தானியங்கள். 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. களியானாலும் அளவோடு, பருப்பும் கீரையும் கூட வேண்டும்.

மூன்றாவது, ஈரல் கெட்டவர் குடியை அறவே விட வேண்டும். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். ஈரலுக்கு என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளையும் வாங்காதீர்கள்.

நான்காவது, மனம் தாளாதபோது வாயைத் திறக்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், வேலைக்கு வராமல் படுத்துவிட்டால், போய் விசாரிப்பது நம் கடமை.

நாம் கேட்க வேண்டியது

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியான இன்றைய கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் கையோடு, "தூக்கம் வருகிறதா? மனம் எப்படி இருக்கிறது?" என்றும் கேட்கட்டும். வயதையும் மூன்று இரத்தப் பரிசோதனை எண்களையும் வைத்தே ஈரல் தழும்பின் அபாயத்தைக் கணக்கிடலாம்; அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யட்டும். மில்லில் தொடர்ந்து இரவு ஷிப்ட் போடுவதை நிறுத்தட்டும். கந்துவட்டியிலிருந்து மீள மலிவான கடன் கிடைக்கட்டும். தூக்கமும் நிம்மதியும் கிடைக்காத உழைப்பாளிக்கு "கவலைப்படாதே" என்று சொல்லும் உபதேசம் வைத்தியமாகாது.

தோழர்களே! சம்பளம் குறைந்தால் நாம் வெட்கப்படுவதில்லை, கூடிநின்று கேட்கிறோம். ஈரல் நோய்க்கும் மனநோய்க்கும் அப்படியே வெட்கத்தை விடுவோம். சீட்டை மறைக்காமல் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவோம். தனியே போக அஞ்சுகிறவருக்குத் துணையாகச் சங்கத்தின் ஆள் ஒருவர் போகட்டும்!